வலுவிழந்தது

நவம்பர் 13, வியாழன்

பிரஷர் 148/92.

இந்த நோட்டு பிரஷர் எழுதி வைக்க வாங்கியது. "தினமும் காலையில பாத்து எழுதுங்க, ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டாங்க" என்றார் டாக்டர். பிரஷர் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மிச்சக் காகிதத்தை வீணாக்குவானேன் என்று எழுதுகிறேன். டாக்டர் படித்தால் படிக்கட்டும். என் பிரஷருக்குக் காரணம் உப்பு இல்லை, ஊர்தான் என்று தெரிந்துகொள்வார்.

வெளியே வெயில் பல்லைக் காட்டுகிறது. நாலு நாளாக நான் தொண்டை கிழியக் கத்திய புயல் நேற்று வடக்கே திரும்பிப் போயே போய்விட்டது. போகிற போக்கில் இங்கே ஒரு தூறலாவது போட்டிருந்தால் என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். காலையிலிருந்து முப்பத்தேழு போன். வேலங்குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மேடம், உங்க புயலு எந்த பஸ்ஸுல வருது? சொன்னீங்கன்னா ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி வைக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நாலு நாள் நாற்பது படகு கரையில் கிடந்தது என் பேச்சைக் கேட்டுத்தானே.

வானிலைத் துறைப் பெரிய அலுவலகத்து அறிக்கையில் "வடக்கே திரும்பவும் வாய்ப்பு உண்டு" என்று ஒரு வரி இருந்தது. அதை விட்டது நான். ஒரு பதிவுக்குக் கிடைக்கிற நாற்பத்தைந்து விநாடியில் எதைச் சொல்வது, எதை விடுவது? அதுதான் என் வேலையே. ஆங்கிலத்தில் வருகிற இரண்டு பக்க அறிக்கையைப் படித்து, செயற்கைக்கோள் படத்தையும் அலை உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தக் கரைக்கு என்ன என்பதைத் தமிழில் எழுதி, வெளிச்சத்தம் புகாமல் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து, பதினொன்றேகாலுக்கு நாலாயிரத்து இருநூறு போன்களுக்கு அனுப்ப வேண்டும். "வணக்கம், கடலோசைத் தகவல் மையத்திலிருந்து மங்கையர்க்கரசி பேசுகிறேன்." பதினோரு வருஷமாக இதே வாக்கியம். மீன் வாங்கப் போனால் என் முகம் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் போதும், "அட, மழைம்மா" என்பார்கள்.

நவம்பர் 17, திங்கள்

144/90.

மூன்று நாளாகப் புயல் இல்லை, கேலி இல்லை. மையத்தைக் கூட்டிப் பெருக்கி டீ போட்டுத் தருகிற காத்தாயிதான் இன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தாள்.

வேலங்குப்பத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். புருஷன் சிங்காரவேலு சின்னதாக ஒரு பைபர் படகு வைத்துக்கொண்டு நண்டு வலை போடுகிறார். ஒரே மகள் பவித்ரா, பன்னிரண்டாவது படிக்கிறாள். காத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பதிவுகளை வரிக்கு வரி ஒப்பிப்பாள்.

"மேடம், நீங்க எல்லாத்தையும் சொல்லிட்டு அப்பறமா கடைசியில 'கடலுக்குச் செல்ல வேண்டாம்'ங்கிறீங்க. அதுக்குள்ள பாதிப் பேரு போன வச்சிடுறான். மொதல்ல போலாமா வேணாமான்னு சொல்லிப்புடுங்க. பொறவு உங்க கதையச் சொல்லுங்க."

"கதையா? காரணம் சொல்லாம உத்தரவு போட நான் என்ன போலீஸா?"

"காரணத்த எவன் கேட்டான்? எங்க வூட்டுக்காரருல்லாம் என்னயத்தான் கேப்பாரு. 'ஒங்க மேடம் மூஞ்சி எப்படி இருக்கு'ன்னு. நீங்க உர்ருன்னு இருந்தா அவரு போவ மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செயற்கைக்கோளுக்குச் செலவழித்ததற்குப் பதில் என் மூஞ்சிக்கு எதிரே ஒரு கேமரா வைத்திருக்கலாம். "காத்தாயின்னு பேரை வச்சிக்கிட்டு நீயே காத்து எங்க வீசுதுன்னு சொல்லிடு, நான் வீட்டுல தூங்குறேன்" என்றேன்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது. மாற்றவில்லை. பதினோரு வருஷப் பழக்கம்.

நவம்பர் 20, வியாழன்

150/94.

அந்தமானுக்குத் தெற்கே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்குத் தாழ்வுப் பகுதி. அதற்கு மேல் தாழ்வு மண்டலம், அதற்கு மேல் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கும் மேல் புயல். மாடிப்படி மாதிரி. ஏறினாலும் இறங்கினாலும் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர்.

சாயங்காலப் பதிவில் "நாளை முதல் செல்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கலியபெருமாள் போன் செய்து, "இந்தத் தடவ பஸ்ஸா ரயிலா மேடம்" என்றார். நல்லா இருங்க என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

156/96. மாத்திரை போடவில்லை, மறந்துவிட்டேன்.

ஆழ்ந்த தாழ்வு மண்டலம். கரையிலிருந்து முந்நூற்று இருபது கிலோமீட்டர். நகராமல் நிற்கிறது. நிற்கிறதுதான் ஆபத்து, எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது.

காத்தாயி காலையில் வந்ததிலிருந்து பேசவில்லை. கேட்டதற்கு அப்புறம் சொன்னாள். வியாழக்கிழமை காலையில், என் எச்சரிக்கை வருவதற்கு முன்னால், சிங்காரவேலு புது நண்டு வலையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் கிடக்கிறதாம். "பாறையில மாட்டிப் பிச்சிக்கிட்டுப் போயிரும்னு ஒக்காந்துருக்காரு மேடம். சோறு எறங்க மாட்டேங்குது. ரெண்டு மணி நேர வேலை, போயிட்டு எடுத்துட்டு வந்துடலாம்ங்குறாரு. நான்தான் விடல."

"விடாதே" என்றேன். நல்ல கண்டிப்பாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

158/98.

ஞாயிறானாலும் மையம் உண்டு. இயக்குநர் ஜெயசீலன் கோயம்புத்தூரில் கல்யாணத்தில் இருக்கிறார். அங்கிருந்து நாலு தடவை போன். "மேடம், போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." எப்படிப் பார்த்துச் சொல்வது? வானத்தைப் பார்த்தா, அவர் முகத்தைப் பார்த்தா?

எச்சரிக்கையை இருபத்தாறாம் தேதி வரை நீட்டித்தேன். மழை இல்லை. காற்று மட்டும் வடக்கேயிருந்து ஒரே சீராக வீசுகிறது. மீண்டும் ஒன்றும் வராமல் போனால் இனிமேல் இந்த ஊர் என்னை நம்பாது.

நவம்பர் 24, திங்கள்

138/86. நல்ல நாள். காலை அறிக்கையில் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் ஒரு படி இறங்கிவிட்டது. வழக்கம்போலப் பதினொன்றேகாலுக்கு அனுப்பினேன். காத்தாயி டீ கொண்டுவந்தாள், இரண்டு வார்த்தை பேசினோம். கத்திரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

172/104.

சிங்காரவேலு நேற்றுக் காலையில் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

காத்தாயி வேலைக்கு வராததால் நானே போன் செய்தேன். பவித்ராதான் எடுத்தாள். "அப்பா வலை எடுக்கப் போனாங்க மிஸ், இன்னும் வரல" என்றாள். ஸ்கூல் டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை மிஸ் என்பாள். நேற்று மத்தியானம் காற்று அறுபது வரை போனது. கருவி காட்டியது. நானே எழுதி வைத்தேன்.

நவம்பர் 26, புதன்

170/102.

படகுகள் தேடப் போக முடியவில்லை. அலை மூன்று மீட்டர். போக வேண்டாம் என்று இன்றைக்கும் நானே சொன்னேன். சொல்லும்போது குரல் இரண்டு தடவை உடைந்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

சாப்பிடவில்லை. துணி துவைத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

168/100.

இன்று தேடப் போயிருக்கிறார்கள். குப்பத்துப் படகுகள் எல்லாமே. கரையில் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கலியபெருமாள் என்னைப் பார்த்து வந்தார். இந்தத் தடவை கேலி இல்லை.

"நீங்க சொன்னபடிதான் நடந்துச்சு மேடம். உங்க பேச்சக் கேட்டு நாப்பது படகு கரையில கெடந்துச்சு. இவன் ஒருத்தன்தான் எறங்குனான். இத்தனைக்கும் பயந்த பய. மேகம் கறுத்தாலே வூட்டுக்குள்ள பூந்துக்குவான். ஏன் போனான்னே புரியல."

எனக்கும் புரியவில்லை என்றேன்.

மையத்துக்கு வந்து இருபத்துநாலாம் தேதிப் பட்டியலைத் திறந்தேன். யார் யார் அழைப்பை எடுத்தார்கள், எத்தனை விநாடி கேட்டார்கள் என்று அதில் இருக்கும். சிங்காரவேலு எண்ணுக்கு நேராக "எடுக்கவில்லை" என்றிருந்தது. பதினொன்றேகாலுக்கு அவர் போன் எடுக்கவில்லை. சிக்னல் கிடைக்காமல் இருந்திருக்கும்.

நவம்பர் 29, சனி

166/100.

படகு கிடைத்தது. தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில், கவிழ்ந்து. ஆள் இல்லை.

டிசம்பர் 1, திங்கள்

164/98.

காத்தாயி வீட்டுக்குப் போனேன். போகாமல் எப்படி இருப்பது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று பிடித்து உட்காரவைத்தேன். நான் அழுதேன். அவள் அழவில்லை. "டீ குடிக்கிறீங்களா மேடம்" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி என்னைக் கொன்றுபோட்டது.

வேறு எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் ஏதாவது கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 4, வியாழன்

160/96.

ஜெயசீலன் அறிக்கை கேட்டார். கடலில் ஓர் உயிர் போயிருக்கிறதே, மேலே கேள்வி வரும். இருபத்துநாலாம் தேதிப் பதிவை எழுத்துக்கு எழுத்து எழுதிக் கொடுத்தேன்.

"ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக மாறியுள்ளது. எனினும் மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும். மீனவர்கள் இருபத்தாறாம் தேதி வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்."

ஜெயசீலன் இரண்டு தடவை படித்தார். "ஒரு பிசிறு இல்ல மேடம். 'எனினும்' போட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் உங்க அனுபவம்" என்றார். ஆமாம், 'எனினும்' போட்டிருக்கிறேன். மைக் முன்னால் நான் எப்போதும் 'எனினும்' போடுவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

162/98.

பதினாறாம் நாள். கருமாதி செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்குக் காத்தாயி முடியாது என்றுவிட்டாளாம். "ஆளையே காணும், எதுக்குக் கருமாதி" என்று கேட்டிருக்கிறாள். பொட்டை அழிக்கவில்லை. ஊரில் சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கிறவர்கள் வாயில் மண் விழ.

டிசம்பர் 12, வெள்ளி

174/106.

காத்தாயி மையத்துக்கு வந்தாள். வேலைக்கு இல்லை. கையில் ஒரு தாள். தாலுகா ஆபீசில் கொடுத்தார்களாம். "படிச்சுச் சொல்லுங்க மேடம்" என்று நீட்டினாள்.

காணாமல் போனவரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், படகு எண், தேதி. உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். ஆறாவது வரியில் "எச்சரிக்கையை மீறிக் கடலுக்குச் சென்றவர்" என்று இருந்தது. அந்த வரியைத் தாண்டி ஏழாவது வரிக்குப் போய்விட்டேன். பதினோரு வருஷமாக எதைச் சொல்வது எதை விடுவது என்று பழகிய வாய். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

முடித்ததும் காத்தாயி தாளை வாங்கி மடித்தாள்.

"பவித்ரா நேத்தே படிச்சுக் காட்டிட்டா மேடம்."

மேசை மேலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"அந்த வரிய நீங்க படிக்கிறீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னாள். "அவரு மீறுற ஆளா மேடம்? நாளைக்கு எம்பொண்ண ஊருல என்ன சொல்லுவாங்க? சொல்பேச்சுக் கேக்காமச் செத்தவன் மவள்னுதான சொல்லுவாங்க. எனக்கு அந்தத் தாளுல வேற ஒண்ணும் வேணாம். அந்த ஒத்த வரிய மட்டும் அடிச்சுத் தரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

பார்க்கிறேன் என்று சொன்னேன். பார்க்கிறேன். என்ன ஒரு சொல்.

டிசம்பர் 14, ஞாயிறு

176/106. பருப்பு கருகிவிட்டது. பாத்திரம் தேய்த்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

180/108.

டாக்டரிடம் போனேன், நானாகப் போகவில்லை, தலை சுற்றி. மாத்திரையை மாற்றினார். "மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களா" என்று கேட்டார். வானிலை சார் என்றேன். அவர் சிரித்தார். நோட்டைக் கேட்டார். மறந்துவிட்டு வந்தேன் என்று பொய் சொன்னேன். பையில்தான் இருந்தது.

டிசம்பர் 17, புதன்

பிரஷர் பார்க்கவில்லை.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, இதிலாவது எழுதுகிறேன்.

நவம்பர் 24. காலை பத்து மணி இருக்கும். அறிக்கை வந்தது. ஒரு படி இறங்கிவிட்டது என்று பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊருக்கு நல்லது என்ற சந்தோஷமா? இல்லை. இந்தத் தடவை என் கணிப்பு தப்பவில்லை, வலுக்கும் என்றேன், வலுத்தது, இதோ இறங்குகிறது, இனி கலியபெருமாள் பஸ் ஸ்டாண்டு பேச்சுப் பேச முடியாது என்ற சந்தோஷம். அசல் அற்பத்தனம். நாலு நாளாக இறுகியிருந்த முகம் அவிழ்ந்துவிட்டது.

காத்தாயி டீயை வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மேடம் சொல்லுது ஒங்க புயலு?"

"போயிடுச்சு காத்தாயி. ஒண்ணுமில்ல."

இதுதான் நான் சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னேன். வலுவிழந்தது என்றால் ஒரு படி இறங்கியது என்று அர்த்தம். கீழ்ப்படியிலும் காற்று ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து மைக் முன்னால் அதைத்தான் சொன்னேன். அங்கே சொல்லுக்குச் சொல் நிறுத்துப் போட்டேன். காத்தாயியிடம் எதற்கு நிறுக்க வேண்டும், அவள்தானே, டீ கொடுக்க வந்தவள்தானே என்று இருந்திருக்கிறேன். எழுத்தில் "வலுவிழந்தது". வாயில் "போயிடுச்சு". ஊருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

அவள் தாழ்வாரத்துக்குப் போய்ப் போனில் பேசியது என் காதில் விழுந்தது. யாரோடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு எழுத வேண்டிய பதிவு இருந்தது.

பத்தேகாலுக்குப் பேசியிருக்கிறாள். பத்தரைக்குப் படகு இறங்கியிருக்கிறது. பதினொன்றேகாலுக்கு என் அழைப்பு போனபோது அவர் கடலில் இருந்தார். நாற்பது படகுக்காரர்களுக்கும் என் பதிவு கிடைத்தது. அவருக்கு மட்டும் நான் நேரில் சொன்னது கிடைத்தது. அவர் எதையும் மீறவில்லை. என் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டு, அதன்படி நடந்தார்.

காத்தாயி இதை யாரிடமும் சொல்லவில்லை. இருபத்துமூன்று நாளாகிறது. சொல்லியிருந்தால் ஊர் என்னைக் கல்லால் அடித்திருக்கும். என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

158/94.

நேற்று நாலு பக்கம் எழுதி இன்று தாலுகா ஆபீசில் கொடுத்தேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். உட்காரவைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், ஆபீசுல ரெண்டு பேரு டீ குடிக்கிறப்ப பேசுனது எச்சரிக்கை ஆகாதுங்களே. பதிவுல எல்லாம் சரியா இருக்கு."

"நான் பேசினது எச்சரிக்கையை ரத்து பண்ணிடுச்சு சார். அவர் வீட்டுக்கு மட்டும். அதை எழுதிக்கோங்க."

"உங்களுக்குத்தான் வம்பு வரும்."

"வரட்டும் சார். அந்த வரிய அடிங்க."

அடிக்கத் தனக்கு அதிகாரமில்லை, என் வாக்குமூலத்தை இணைத்து மேலே அனுப்புகிறேன் என்றார். அடிப்பார்களா, தெரியாது. ஒரு நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார்.

மையத்துக்குத் திரும்பி ஜெயசீலனிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "யாரு கேட்டா மேடம் உங்கள? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நாளையிலிருந்து வேறு யாராவது பதிவு செய்யட்டும் என்றார். சரி என்றேன். கம்பளி அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷம். அழுகை வந்தது, அழுதேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

பிரஷர் பார்த்தேன், எழுதவில்லை. இனி எழுதுவேனா தெரியாது.

பதினோரு மணிக்கு வேலங்குப்பம் போனேன். பவித்ராவுக்கு அரைப் பரீட்சை லீவு, உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். காத்தாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி கொண்டுவரச் சொன்னாள், வேண்டாம் என்றேன்.

"காத்தாயி, நான் ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கேன். படிக்கிறேன், கேளு. இந்தத் தடவை எந்த வரியும் விடமாட்டேன்."

நாலு பக்கமும் படித்தேன். 'நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்' என்ற இடம், 'போனில் பேசியது காதில் விழுந்தும் கேட்கவில்லை' என்ற இடம், எல்லாம். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பவித்ரா நிலைப்படியில் வந்து நின்றாள். முடித்துவிட்டு, "தப்பு என்னோடது. அவர் மீறல. ஊருல யாரு கேட்டாலும் இதக் காட்டு" என்று தாளை நீட்டினேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

அவள் தாளை வாங்கவில்லை.

"இத நீங்க எழுதிட்டீங்க மேடம். நான் சொன்னத யாரு எழுதுவா?"

"நீ என்ன சொன்ன? நான் சொன்னதைத்தானே சொன்ன?"

"நீங்க போயிடுச்சுன்னு மட்டுந்தான் சொன்னீங்க." முறத்திலிருந்த அரிசியை விரலால் தள்ளிக்கொண்டே பேசினாள். "நான் போன் போட்டு, 'மேடமே சொல்லிட்டாங்க, மூஞ்செல்லாம் சிரிப்பா இருக்கு, போயிடுச்சாம்'னேன். அவரு, 'நெசமாவா, எறங்கவா?'ன்னு கேட்டாரு. பயந்த மனுசன் மேடம். ரெண்டு வாட்டி கேட்டாரு. நாலு நாளா வலை வலைன்னு திங்காமத் தூங்காமக் கெடந்தாரேன்னு எனக்கு. நான் அப்ப ஒரு வார்த்த, இருங்க, பதினோரு மணி சேதி வரட்டும்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

பவித்ரா, "அம்மா, வேணாம்மா" என்றாள். காத்தாயி நிறுத்தவில்லை.

"அதாம் மேடம் நான் யாருட்டயும் வாயத் தொறக்கல. ஒங்களுக்காவ இல்ல."

நான் அவள் கையைப் பிடித்தேன். அரிசி கொட்டியது. அப்போதுதான் அழுதாள். இத்தனை நாள் அழாதவள், வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். காத்தாயி என் தோளைப் பிடித்து உலுக்கி, நான் அவளுக்கு நீதிபதி மாதிரி, என்னிடம் கேட்டாள்:

"போங்கன்னு சொல்லல மேடம். நல்ல வார்த்ததான் சொன்னேன். போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். வாங்கன்னும் சொன்னேன்ல மேடம்?"